கார் இல்லாமல் காங்கர்டில் ஒரு சனிக்கிழமை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் நடுவில் அலுவலக வேலையாகப் பாஸ்டன் வருகிறீர்கள். 68 வயது அம்மாவும் கூட வருகிறார். இடையில் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்கிறது. பாஸ்டனுக்கு வெளியே காங்கர்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது, கட்டாயம் பார் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. போகலாமா, ஒரு நாள் போதுமா, அம்மாவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

போகலாம். ஒரு நாள் போதும். கார் இல்லாதது இந்த ஊரைப் பொறுத்தவரை குறையே இல்லை. என்னைக் கேட்டால் ரயிலில் போவதுதான் சரி, அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நான் பக்கத்து ஊரான ஆக்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் ஒருமுறையாவது காங்கர்டுக்கு இழுத்துப் போயிருக்கிறேன். ஆரம்பத்தில் வந்தவர்கள் பலர், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். தப்பு என் மேல்தான். ஒரே நாளில் நாலைந்து பழைய வீடுகளைக் காட்டினேன். நாலாவது வீட்டின் அடுப்படியைப் பார்க்கும்போது முதல் வீட்டில் யார் இருந்தார் என்பதே மறந்துபோகும்.

முதலில் பெயர். விமானத்தைச் சொல்வதுபோல 'கான்கார்டு' என்று நீட்டினால் உள்ளூர்க்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். 'காங்கர்ட்' என்று சட்டென முடித்துவிட வேண்டும். இதைவிட முக்கியம், இதே பெயரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தலைநகரமும் இருக்கிறது. அது பாஸ்டனிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். சவுத் ஸ்டேஷனில் காங்கர்டு என்று பெயர் எழுதிய பேருந்து நிற்கும். அதைப் பார்த்து ஏறிவிடாதீர்கள், அது இந்த ஊருக்கு வருவதில்லை. நீங்கள் போக வேண்டியது மாசசூசெட்ஸ் காங்கர்டு. பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 32 கி.மீ., மக்கள்தொகை பதினெட்டாயிரம் சொச்சம். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி.

ரயில் நார்த் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது, ஃபிட்ச்பர்க் லைன். ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பயணம். சிவப்பு மெட்ரோ பக்கமாகத் தங்கியிருந்தால் போர்ட்டர் ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்ளலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 10 டாலர் டிக்கெட் ஒன்று உண்டு, தனித்தனியாக வாங்குவதைவிட லாபம். ஆனால் வார இறுதியில் ரயில்கள் குறைவு. ஒருமுறை நான் வார நாள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு மாமனாரோடு பிளாட்பாரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. போகும்போதே திரும்பும் ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரயில் ஏன் என்பதற்கு வருகிறேன். சென்னையில் திருவல்லிக்கேணிப் பக்கம் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறதே, கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம், அதைக் கட்டியவர் பாஸ்டன்காரர். ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. இந்தப் பக்கத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்துபோனதும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் அவருடைய சரக்கு முதன்முதலாகக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. 1842இல் மதராஸில் ஐஸ் வைக்கக் கிடங்கு கட்டினார். அதுதான் நம் ஐஸ் ஹவுஸ். அவர் அறுத்த குளங்களில் முக்கியமானது கேம்பிரிட்ஜில் உள்ள ஃப்ரெஷ் பாண்ட். போர்ட்டரைத் தாண்டியதும் உங்கள் ரயில் அந்தக் குளத்துக்கு அருகில்தான் போகும். இந்த ரயில் பாதையின் தொடக்கப் பகுதியே ஃப்ரெஷ் பாண்ட் ஐஸைச் சார்ல்ஸ்டவுன் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டதுதான். பிற்பாடு அதை மேற்கே நீட்டி, 1844இல் காங்கர்டு வரை கொண்டுவந்தார்கள். அம்மா சென்னைக்காரர் என்றால் ரயிலில் உட்கார்ந்ததுமே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் அவர் ஜன்னலை விட்டுத் திரும்ப மாட்டார்.

லிங்கன் ஸ்டேஷன் தாண்டியதும் வலப்பக்கம் பாருங்கள். மரங்களுக்கு நடுவில் சில நொடிகள் தண்ணீர் பளபளக்கும். அது வால்டன் குளம். அந்தக் குளத்துக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். அங்கே மத்தியானம் போகலாம், முதலில் ஊருக்குள்.

ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுவில் இருக்கும் மான்யுமென்ட் சதுக்கம் ஒரு கிலோமீட்டர் இருக்கும். அக்டோபர் நடுவில் மேப்பிள் மரங்கள் சிவந்திருக்கும், வீடுகளின் வாசல்படிகளில் பூசணிக்காய் வைத்திருப்பார்கள். இந்த நடைக்கு அவசரப்படாதீர்கள். பாஸ்டனில் பார்க்க முடியாதது இதுதான்: 1635இல் தொடங்கிய ஊர், இன்னும் மக்கள் குடியிருந்து, குப்பைத்தொட்டியை வாசலில் வைத்து, பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஊர். அருங்காட்சியகம்போலத் துடைத்து வைக்கவில்லை. வழியில் பொது நூலகம் வரும், உள்ளே போகக் காசு இல்லை. நல்ல கழிப்பறை இருக்கிறது (அம்மாவோடு போகும்போது இதுதான் முதல் தகவல்). எமர்சன் உட்கார்ந்திருக்கும் சிலையும் இருக்கிறது. பகவத்கீதையை ஆங்கிலத்தில் படித்துவிட்டு ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசிய எழுத்தாளர் எமர்சன். அவருடைய இளைய நண்பர், வால்டன் குளக்கரையில் வாழ்ந்து 'வால்டன்' என்ற புத்தகத்தை எழுதிய தொரோவுக்கு 1855இல் ஓர் ஆங்கிலேய நண்பர் 44 இந்திய நூல்களைப் பார்சலாக அனுப்பினார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அப்படி ஒரு தொகுப்பு தனியார் ஒருவரிடம் இருந்தது அபூர்வம்.

சதுக்கத்திலிருந்து இன்னொரு கிலோமீட்டர் வடக்கே நார்த் பிரிட்ஜ். அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய இடங்களில் ஒன்று. 1775 ஏப்ரல் 19ஆம் தேதி, ஒளித்து வைத்திருந்த ஆயுதங்களைத் தேடிப் பிரிட்டிஷ் படை ஊருக்குள் வந்தது. காலையில் பக்கத்து ஊரான லெக்சிங்டனில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு வந்த படை. மேட்டில் கூடியிருந்த குடியானவர்கள் ஊரிலிருந்து புகை எழுவதைப் பார்த்து, வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துப் பாலத்தை நோக்கி இறங்கினார்கள். உண்மையில் எரிந்தது பீரங்கி வண்டிகள் போன்ற சாமான்கள். முன்வரிசையில் நடந்தவர்கள் எங்கள் ஆக்டன்காரர்கள். அவர்களுடைய தலைவர் ஐசக் டேவிஸ் துப்பாக்கி செய்பவர், அதனால் அவருடைய ஆட்களிடம் துப்பாக்கி முனைக் கத்திகள் இருந்தன. முதல் குண்டுகளில் அவரும் ஆப்னர் ஹோஸ்மர் என்ற இளைஞரும் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் திருப்பிச் சுட உத்தரவு வந்தது. சண்டை நடந்தது காங்கர்டில், செத்தது ஆக்டன்காரர்கள் என்று எங்கள் ஊரில் இன்றும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு.

பாலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அசல் பாலத்தை 1793லேயே பிரித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1956இல் கட்டியது, மரத்தாலான சாதாரண வளைவுப் பாலம். அழகு ஆற்றில்தான் இருக்கிறது. மெதுவாக, சத்தமே இல்லாமல் ஓடும் காங்கர்டு ஆறு, இரண்டு பக்கமும் புல்வெளி. பாலத்தின் ஒரு முனையில் கலப்பையோடும் துப்பாக்கியோடும் நிற்கும் சிலை 1875இல் வைத்தது. செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் அப்போது இருபத்துச் சொச்சம் வயது உள்ளூர்ப் பையன். வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான லிங்கன் சிலையையும் பின்னாளில் இவர்தான் வடித்தார். மறு முனையில் செத்துப்போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் கல்லறை இருக்கிறது, அதையும் மரியாதையாகப் பராமரிக்கிறார்கள். தேசியப் பூங்காவின் பகுதி என்பதால் கட்டணம் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் சதுக்கத்திலிருந்து வாடகைக் கார் கூப்பிடலாம், ஆனால் இங்கே ஊபர் பாஸ்டனில் வருவதுபோல மூன்று நிமிடத்தில் வராது.

திரும்பிச் சதுக்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஐந்தாறு நிமிட நடையில் ஸ்லீப்பி ஹாலோ கல்லறைத் தோட்டம். சுடுகாட்டைச் சுற்றிப் பார்க்கவா கூட்டிப் போகிறாய் என்று அம்மா கேட்கக்கூடும், என் அத்தை கேட்டார். மேடும் பள்ளமுமாக, பைன் மரங்கள் அடர்ந்த இடம். மேட்டின் மேல் தொரோ, எமர்சன், இதே ஊரில் வாழ்ந்த நாவலாசிரியர்கள் ஹாதார்ன், லூயிசா மே ஆல்காட் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். எமர்சனுக்குச் செதுக்காத பெரிய பாறை. தொரோவுக்கு ஒரு முழ உயரம்கூட இல்லாத கல், அதில் 'ஹென்றி' என்று மட்டும். கல்லைச் சுற்றிப் பென்சில்கள் கிடக்கும். அவருடைய குடும்பம் பென்சில் செய்து விற்ற குடும்பம், அதனால் வருகிறவர்கள் பென்சில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஏறும் வழி கொஞ்சம் செங்குத்து, அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்தாலும் நஷ்டமில்லை.

அதே தோட்டத்தில் ஈஃப்ரேம் புல் என்பவரும் இருக்கிறார். பக்கத்து வீதியில் தன் தோட்டத்தில் 1849இல் காங்கர்டு திராட்சையை உருவாக்கியவர். அமெரிக்காவில் ஊதா நிறத் திராட்சை ஜூஸ், ஜெல்லி எல்லாம் பெரும்பாலும் அந்தக் கொடியின் வம்சம். ஊரார் சம்பாதித்தார்கள், அவருக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. 'அவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள்' என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு நேரடியாகக் குறை சொல்லும் கல்லறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பருவம் முடிவதற்குள் வந்தால் இந்தத் திராட்சை கடைகளில் கிடைக்கும். வாயில் போட்டால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வரும், விதையும் உண்டு. அம்மா உடனே நம் ஊர் பெங்களூர் நீலத் திராட்சையை நினைப்பார். இரண்டும் தூரத்து உறவுதான்.

சாப்பாடு. சைவம் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சதுக்கத்தின் முனையில் 1716ஆம் ஆண்டுப் பழைய கட்டடத்தில் காலோனியல் இன் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட நன்றாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. வால்டன் தெருவில் இருக்கும் சீஸ் கடையில் நல்ல சாண்ட்விச் கிடைக்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாறில் செய்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் செய்வது, தயிர்சாதமும் ஊறுகாயும் டப்பாவில் கட்டிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டுபோங்கள். ஒரு லிட்டரும் அதற்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களில் சாதாரணத் தண்ணீர் விற்கக் கூடாது என்று இந்த ஊர் 2013 முதல் தடை போட்டிருக்கிறது. குளிர்பானம் விற்கலாம், தண்ணீர்தான் கூடாது. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

மத்தியானம் வால்டன். ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் ஒரு பெரிய நெடுஞ்சாலையைச் சிக்னலில் கடக்க வேண்டும். நீங்கள் தனியாக வந்தால் நடங்கள், அம்மாவோடு என்றால் வாடகைக் கார்தான். நண்பர் யாராவது கூட்டிப்போக முன்வந்தால் அவர் கார் மாசசூசெட்ஸ் பதிவா என்று பாருங்கள். வெளிமாநில நம்பர் பலகைக்கு நிறுத்தக் கட்டணம் 30 டாலர், உள்ளூருக்கு 8. இடம் நிறைந்தால் வாசலை மூடிவிடுவார்கள். இலை சிவக்கும் பருவத்துச் சனிக்கிழமையில் அது சாதாரணமாக நடக்கும்.

குளம் என்றதும் படித்துறையும் அல்லியும் மனதில் வரும். இது வேறு. பனியுகத்தில் பனிப்பாறை உருகிப்போன குழி, ஓடை எதுவும் வந்து சேராமல் நிலத்தடி நீராலேயே நிற்கிறது. அதனால்தான் அவ்வளவு தெளிவு. ஆழம் 30 மீட்டருக்கு மேல். அக்டோபர் குளிரிலும் ரப்பர் உடை போட்டுக்கொண்டு நீந்துபவர்களைப் பார்ப்பீர்கள்.

1845 ஜூலை 4 அன்று தொரோ இங்கே ஒரு குடிசையில் குடிவந்தார். பத்தடிக்குப் பதினைந்தடி. நிலம் எமர்சனுடையது. பலகைக்காக, ரயில்பாதை போட வந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிசையை நாலே கால் டாலருக்கு வாங்கிப் பிரித்தார். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட், அரை சென்ட் விடாமல் கணக்கு எழுதியிருக்கிறார். இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார். இதைக் காட்டுக்குள் தவமிருந்த முனிவர் கதையாக நினைத்து வருபவர்கள் ரயில் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள். ரயில் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது, ஊரும் நடை தூரம்தான். ஊருக்குப் போன ஒரு நாள், 1846 ஜூலையில், அடிமைமுறையை ஆதரிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்றதற்காக ஓர் இரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை தென்னாப்பிரிக்காவில் காந்தியின் கைக்குப் போனது.

அந்தக் குடிசையின் மாதிரி ஒன்று வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டில், மேசை, மூன்று நாற்காலி. அம்மாவுக்கு இதுவும் கரையோர மணலும் போதும். நீங்கள் மட்டும் குளத்தின் வடகரை வழியாக ஒரு கிலோமீட்டருக்குள் நடந்தால் குடிசை இருந்த அசல் இடம் வரும். 1945இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். கல் தூண்கள் நட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் வருகிறவர்கள் போட்ட கற்கள் குவிந்து கிடக்கின்றன. குளத்தைச் சுற்றி வர 2.7 கி.மீ., வேர்கள் தடுக்கும்.

ஐஸ் கதையின் மிச்சமும் இங்கேதான் இருக்கிறது. 1846-47 குளிர்காலத்தில் தினமும் நூறு அயர்லாந்துக்காரர்கள் ரயிலில் வந்து இந்தக் குளத்தை அறுத்தார்கள். தொரோ தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேர்த்து வடியும் மக்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கப்போகிறார்கள் என்ற பொருளில் எழுதினார், மதராஸ் என்று பெயர் சொல்லியே. வால்டன் தண்ணீர் கங்கையோடு கலக்கிறது என்றும் எழுதினார். அழகான கற்பனை. ஆனால் அவரே இன்னோர் இடத்தில் எழுதியபடி, சுமார் பத்தாயிரம் டன் என்று மதிப்பிட்ட அந்தக் குவியலில் ஒரு பகுதியைத்தான் எடுத்துப் போனார்கள். மீதி கரையிலேயே வெயிலில் நின்று, 1848 செப்டம்பரில்தான் முழுக்க உருகித் திரும்பக் குளத்திலேயே சேர்ந்தது. அதனால் ஐஸ் ஹவுஸில் வால்டன் துண்டு ஒன்றாவது வந்து இறங்கியதா என்று கேட்டால், ஃப்ரெஷ் பாண்ட் பக்கம்தான் நான் பந்தயம் கட்டுவேன்.

கரையில் புல்லுக்குள், இலைக்குவியலுக்குள் இறங்காதீர்கள். இந்தப் பக்கத்து மான் உண்ணிகள் லைம் என்ற நோயைப் பரப்புகின்றன, அக்டோபரிலும் இருக்கும். முழுக்கால் பேன்ட், சாக்ஸ், இரவில் ஒருமுறை முழங்காலுக்குப் பின்பக்கம் வரை பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். அம்மா சேலை என்றால் பாதையை விட்டு விலகாமல் இருந்தால் போதும்.

எழுத்தாளர் வீடுகளில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் லூயிசா மே ஆல்காட்டின் ஆர்ச்சர்ட் ஹவுஸ். சிறு வயதில் அவர் எழுதிய 'லிட்டில் விமன்' என்ற நான்கு சகோதரிகளின் கதையைப் படித்தவர்களுக்கு அந்த வீட்டில் தொண்டை அடைக்கும். படிக்காதவர்களுக்கு அது மாடிப்படியுள்ள ஒரு பழைய வீடு. வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், முன்பதிவு நல்லது. மழை வந்தால் காங்கர்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள், தொரோ எழுதிய பச்சை மேசை அங்கே இருக்கிறது.

ஞாயிறன்றும் காங்கர்டு வேண்டாம். யாராவது காரில் கூட்டிப்போனால் ஆஷ்லாந்து லட்சுமி கோயில், முக்கால் மணி நேரம். 1990இல் கும்பாபிஷேகம் ஆனது, கோபுரத்தோடு நம் ஊர்க் கட்டுமானம். பாஸ்டன் மாரத்தான் ஓடும் சாலையிலேயே இருக்கிறது. வார இறுதியில் மடப்பள்ளிச் சாப்பாடும் கிடைக்கும், சனிக்கிழமை சாண்ட்விச்சுக்கு அம்மா உங்களை அங்கே மன்னித்துவிடுவார்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காற்று சுருக்கென்று இருக்கும். பிளாட்பாரத்தில் ஒதுங்க அதிக இடம் கிடையாது. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் காதை மூட ஏதாவதும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பென்சில் ஒன்றும்.